சரிபார்க்கிற ஆள்

தென்காசியில் ஒரு கோச்சிங் சென்டரில் இயற்பியல் எடுக்கிறேன். இதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யாராவது கேட்டால், ஆராய்ச்சி என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். விடாமல் கேட்பவர்களிடம் மட்டும், வெடித்துச் சிதறின நட்சத்திரங்களைப் பற்றி என்பேன். "சோசியம் மாதிரியா மிஸ்?" என்று ஒரு மாணவியின் தகப்பனார் நிஜமாகவே கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. சோசியமாக இருந்திருந்தால் பிழைப்பாவது ஓடியிருக்கும்.

அந்தப் பிழைப்பில் எனக்குப் பிறகும் தாக்குப்பிடித்து நின்றவள் என் தோழி. அவளுக்கும் தென்காசிதான். அவள் வாப்பாவுக்குப் பஜாரில் கைலி மொத்த வியாபாரம். அண்ணன்மார் இரண்டு பேரும் துபாயில். நானும் அவளும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. பிறகு வடக்கே ஒரே நிறுவனத்தில் முனைவர் பட்டம், விடுதியில் ஒரே அறை. பட்டம் வாங்கியபின்தான் பிரிந்தோம். எனக்கு இரண்டாவது ஃபெல்லோஷிப் முடிந்ததும் மூன்றாவது கிடைக்கவில்லை, ஊருக்கு வந்துவிட்டேன். அவளுக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது, ஆனால் எல்லாமே தற்காலிகம். ஒரு ஊரில் பாத்திரம் பண்டம் வாங்கிக் குடித்தனம் பழகுவதற்குள் அடுத்த ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். கடைசியாகக் கிடைத்ததில் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று இருந்ததால் அவளும் தென்காசிக்கே வந்து சேர்ந்தாள்.

அவள் வீட்டில் யாரும் அவளை நெருக்கவில்லை. அவள் என்ன செய்கிறாள் என்று அண்ணன்மாருக்கு விளங்காவிட்டாலும், தங்கச்சி சயின்டிஸ்ட் என்று அங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்கள். எனக்குத்தான் அவளைப் பார்த்தால் சந்தோஷமாகவும் இருக்கும், வயிற்றெரிச்சலாகவும் இருக்கும். இரண்டையும் அவளிடமே சொல்லியிருக்கிறேன். "எரிஞ்சா எரியட்டும்ட்டி, மோரு குடி" என்பாள். எங்களில் ஒருத்தியாவது அதில் நின்றுவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் உண்மை. நான் படித்த படிப்புக்கு ஒரு அர்த்தம் மிச்சமிருந்தது என்றால் அது அவளிடம்தான் இருந்தது.

அவள் செய்துகொண்டிருந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன், கஷ்டமான விஷயம் ஒன்றும் இல்லை. வானத்திலிருந்து நம் மேல் ஓயாமல் ஒரு மழை பெய்கிறது. காஸ்மிக் கதிர் என்று பெயர். பெயரில்தான் கதிர், பெரும்பாலும் அவை புரோட்டான்கள், கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் வருகிற துகள்கள். எங்கே புறப்பட்டு வருகின்றன என்று நூறு வருஷத்துக்கு மேலாகத் தேடுகிறார்கள். மின்னூட்டம் உள்ள துகள் என்பதால் வழியெல்லாம் காந்தப்புலம் அதை வளைத்து வளைத்து அனுப்பும். நம்மிடம் வந்து சேரும்போது, வந்த திசைக்கும் புறப்பட்ட இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது. குற்றாலத்துச் சாரல் மாதிரிதான். முகத்தில் அடிக்கும், முதுகில் அடிக்கும், குடைக்குள்ளும் நுழையும். எந்த மேகம் போட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

சந்தேகம் ஒரு இடத்தின் மேல் இருக்கிறது. பெரிய நட்சத்திரம் வெடித்தால் அதன் சிதறல் ஆயிரக்கணக்கான வருஷம் விரிந்துகொண்டே போகும். சூப்பர்நோவா எச்சம் என்கிறோம். அதன் அதிர்ச்சி அலை புரோட்டான்களை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி வேகமேற்றுகிறது என்பது கணக்கு. அதை நிரூபிக்கக் காமா கதிர் வேண்டும், கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை ஒளி. எச்சத்தைச் சுற்றியுள்ள வாயுவில் புரோட்டான் மோதினால் காமா பிறக்கும். காமாவுக்கு மின்னூட்டம் இல்லை, எந்தக் காந்தமும் அதைத் திருப்ப முடியாது, நேராக வரும். ஆனால் ஒரு தொல்லை. எலெக்ட்ரான்களும் காமாவை உண்டாக்கும். எச்சத்திலிருந்து காமா வருகிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அதைச் செய்தது புரோட்டான்தான் என்று காட்ட வேண்டும். அதற்கு உள்ள நல்ல அடையாளம், ஆற்றல் குறைந்த ஓரத்தில் இருக்கிறது. புரோட்டான் செய்ததாக இருந்தால், குறிப்பிட்ட ஆற்றலுக்குக் கீழே காமாவின் அளவு சட்டென்று சரியும். எலெக்ட்ரானில் அப்படி ஒரு சரிவு சாதாரணமாக வராது. இந்தச் சரிவு விரல்விட்டு எண்ணக்கூடிய எச்சங்களில்தான் தெரிந்திருக்கிறது. அவளுடைய எச்சத்திலும் அது தெரிகிறது என்பதுதான் அவளுடைய கட்டுரை.

அவளுடைய எச்சம் என்று நான் சொல்வது சும்மா இல்லை. அதை வேறு யாரும் சீந்தவில்லை. மங்கலானது, பக்கத்தில் பளிச்சென்று வேறு பொருள்கள் இருக்கின்றன, பார்த்தால் தலைவலிதான் மிஞ்சும் என்று மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். அவள் மட்டும் வருஷக்கணக்காக அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். வானில் சுற்றுகிற காமா தொலைநோக்கியின் தரவு எல்லாருக்கும் பொதுவாகவே கிடைக்கும். தென்காசியில் மாடி அறையில் உட்கார்ந்தும் பார்க்கலாம். அவள் பார்த்தாள்.

அந்த வருஷம் வடக்கே ஒரு நிறுவனத்தில் நிரந்தர வேலைக்கு அழைத்திருந்தார்கள். வயது வரம்பின்படி அவள் விண்ணப்பிக்கக்கூடிய கடைசித் தடவை அதுதான். நேர்காணலில் இந்தச் சரிவைப் பற்றித்தான் பேசப்போகிறாள். அதற்குள் கட்டுரை வெளியே போக வேண்டும். வேலை கிடைத்தால் இனி ஆயுசுக்கும் அவள் இதைச் செய்யலாம். கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது. இது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவள் உம்மாவுக்குக்கூடத் தெரியும்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் கண்டதை அப்படியே வெளியே விடமாட்டார்கள். இரண்டாவதாக ஒரு ஆள் அதே வேலையை அடியிலிருந்து தொடங்கித் தனியாகச் செய்ய வேண்டும். முதல் ஆளின் நிரலைப் பார்க்கக் கூடாது, எந்த அளவை எங்கே வைத்தாய் என்று கேட்கக் கூடாது, முடிவாக வருகிற வரைபடத்தைக் கண்ணில் காட்டக் கூடாது. இரண்டு பேரும் முடித்த பிறகு, ஒரே நேரத்தில் இரண்டு படத்தையும் மேசைமேல் வைக்க வேண்டும். பொருந்தினால் சரி. அவளுக்குச் சரிபார்ப்பதாகச் சொல்லியிருந்த வெளிநாட்டுக்காரர் பாதியில் ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போய்விட்டார். கட்டுரையில் பெயர் போட்டிருந்த மற்றவர்களுக்கு நேரம் இல்லை.

"ஏட்டி, நீ பாக்கியா?" என்றாள் ஒரு நாள்.

"நா விட்டு எத்தன வருசம் ஆச்சு."

"சைக்கிள் மறந்தா போவும்? வேற ஆளு கெடையாதுட்டி."

சம்மதித்தேன். பெருந்தன்மையாக ஒப்புக்கொண்ட மாதிரி நடித்தேன், உள்ளுக்குள் ஆசை. வகுப்பு முடிந்து வந்து லேப்டாப்பைத் திறந்தால், பல வருஷம் கழித்து எனக்கென்று ஒரு கேள்வி காத்திருக்கிறது. அந்த நாட்களில் நான் அம்மாவிடம்கூட எரிந்து விழவில்லை என்று அம்மாவே சொன்னாள்.

சிக்கல் என்னவென்றால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்று தெருதான். தினமும் பார்க்கிறோம். இந்த ஒன்றைத் தவிர எல்லாம் பேசலாம். உலகத்திலேயே இரண்டே பேருக்கு அக்கறை உள்ள ஒரு விஷயம், அந்த இரண்டு பேரும் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. பெருநாளுக்கு அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அந்த ஃபைல எறக்கிட்டியா?" என்று ஆரம்பித்தாள். "வாய மூடிட்டுத் தின்னு" என்றேன். அவள் உம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்போது சாரல் தொடங்கியிருந்தது. சீசனில் தென்காசிக்காரர்கள் குற்றாலத்துக்குப் போகமாட்டார்கள். வேன் வேனாக வெளியூர்க் கூட்டம் இறங்கும், கால் வைக்க இடமிருக்காது. நாங்கள் வாரநாளில் விடிந்ததும் ஸ்கூட்டியில் போய்விடுவோம். பேரருவியில் பெண்கள் பக்கம் அந்நேரத்துக்கு ஓரளவு காலியாக இருக்கும். தண்ணீர் தலையில் விழுந்தால் யோசனை எல்லாம் நின்றுவிடும். பேசவும் முடியாது, பேசினால் கேட்காது. எங்களுக்கு அது வசதியாக இருந்தது. குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வெளியே வந்து மங்குஸ்தான் வாங்கித் தின்போம். அவள் முகம் அந்த நாட்களில் தெளிவாக இருந்தது. அவள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அவளுக்குச் சரிவு நன்றாகவே வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வழக்கத்தை மீறாமல் இருப்பதற்கு முகத்தையும் மூடிக்கொள்ள வேண்டும் போல.

ஒன்றைப் பற்றி மட்டும் அவள் புலம்பிக்கொண்டே இருந்தாள், கரண்ட். காற்றுக் காலத்தில் எங்கள் பக்கம் அப்படித்தான். கிளை ஒடிந்து கம்பியில் விழும், போனால் எப்போது வரும் என்று தெரியாது. அவளுடைய பழைய கம்ப்யூட்டர் மாடியில் நாள்கணக்கில் ஓட வேண்டிய வேலையைத் தொடங்கும், பாதியில் அணைந்துவிடும், மறுபடியும் முதலிலிருந்து. இன்வெர்ட்டர் ஃபேனுக்கே மூச்சு வாங்கும். "டேட்டாவ மொதல்லேந்து சலிக்கணும்னா ஒரு மாசம் ஆவும் போல இருக்கு" என்றாள். நான் காதில் வாங்கிக்கொண்டேன், மேலே கேட்கவில்லை. கேட்கக் கூடாதே.

எனக்கு முடிவு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். படம் திரையில் வந்தது. சரிவு இல்லை.

என் மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது. கை மறந்திருக்கும், எங்கோ கோட்டை விட்டிருப்பேன். திரும்பச் செய்தேன். பிற்பாடு இன்னொரு முறை. குறைந்த ஆற்றலில் புள்ளிகள் கீழே இறங்காமல் தட்டையாகவே நின்றன, அளவு எவ்வளவு தவறலாம் என்று காட்டுகிற பிழைக்கோடுகள் மேலும் கீழும் நீண்டிருந்தன. அவளுக்குச் சரிவு வந்திருக்கிறது, எனக்கு வரவில்லை. இரண்டு பேரில் ஒருத்தி தப்பு. அது நானாக இருக்க வேண்டும் என்று நான் மனசார விரும்பினேன். என் வாழ்க்கையில் தப்பாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு வாரம்தான்.

எங்கே வேறுபட்டிருக்கும் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பூமிக்கு வந்தேன். நம் காற்று மண்டலமும் காமாவில் ஒளிரும். காஸ்மிக் கதிர் வந்து மோதுவதால்தான் அது ஒளிர்கிறது. மேலேயிருந்து பார்க்கும் தொலைநோக்கிக்குப் பூமியின் விளிம்பு பளீரென்று தெரியும். அதனால் விளிம்புப் பக்கத்திலிருந்து வருகிற ஒளியை முதலிலேயே சலித்து எறிந்துவிட வேண்டும். உச்சியிலிருந்து எத்தனை பாகை சாய்வு வரை ஏற்கலாம் என்று ஒரு வரம்பு வைப்போம். ஆற்றல் அதிகமுள்ள ஒளிக்குக் கொஞ்சம் தாராளமாக வைத்தாலும் பாதகமில்லை. ஆற்றல் குறையக் குறையத் தொலைநோக்கியின் பார்வை மங்கும், எது எங்கிருந்து வந்தது என்று அதற்கே சரியாகத் தெரியாது. அங்கே வரம்பை இறுக்க வேண்டும். நான் பழக்கத்தில் இறுக்கித்தான் வைத்திருந்தேன்.

தளர்த்திப் பார்த்தேன். சரிவு வந்தது. அழகான சரிவு, பாடப்புத்தகத்தில் போடலாம்.

நடந்தது இதுதான். விளிம்பின் வெளிச்சம் உள்ளே கசிந்துவிட்டால், கணக்கு அதைப் பின்னணி என்று எடுத்துக்கொள்ளும். பின்னணி ஊதிப்போகும். ஊதிப்போன பின்னணியைக் கழிக்கும்போது எச்சத்தின் சொந்த ஒளியும் சேர்ந்து போய்விடும். குறைந்த ஆற்றலில்தான் இந்தக் கூத்து நடக்கும் என்பதால், படத்தில் சரியாக அங்கே ஒரு பள்ளம் விழும். காஸ்மிக் கதிர் எங்கே பிறக்கிறது என்று கேட்டுக்கொண்டு அவள் அவ்வளவு தூரம் போனாள். அதே காஸ்மிக் கதிர் நம் தலைக்கு மேலே காற்றில் மோதி உண்டாக்கின வெளிச்சம் அவளுக்குப் பொய்ப் பதில் சொல்லிவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை. அம்மா, "என்னடி, மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு" என்றாள். தலைவலி என்றேன்.

படங்களைத் திறந்து வைக்கக் குறித்திருந்த நாளுக்கு இன்னும் அவகாசம் இருந்தது. அதற்குள் என்னவெல்லாம் நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். தளர்ந்த வரம்பிலேயே செய்ததாக அந்த அழகான படத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கலாம். இரண்டும் பொருந்தியிருக்கும். கட்டுரை போயிருக்கும், வேலை வந்திருக்கும், அவள் உம்மா ஊரெல்லாம் சொல்லியிருப்பாள். நான் செய்யாததற்குக் காரணம் நேர்மை என்று மார்தட்ட மாட்டேன். அவள் கெட்டிக்காரி. வேலையில் சேர்ந்து ஒரு வருஷமோ ஐந்து வருஷமோ கழித்து அவளே கண்டுபிடிப்பாள். அப்போது எனக்கு முன்பே தெரியும் என்பதும் தெரிந்துபோகும். அந்த முகத்தை நினைத்துப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்ப்பதற்கு இப்போதே சொல்லிவிடுவது தேவலை என்று தோன்றியது.

குறித்த நாளில் அவள் மாடி அறைக்குப் போனேன். தகரக் கூரையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. கீழே உம்மா முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டிலாப்பம் செய்திருந்தாள், வாசனை மேலே வரை வந்தது. அவள் தன் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தாள். நானும் கவிழ்த்து வைத்தேன். "திருப்புவோமா" என்றாள், சிரித்துக்கொண்டு.

திருப்பினோம். அவள் என் தாளைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். உனக்குத் தப்பு வந்திருக்கிறது என்பாள், திரும்பச் செய் என்பாள், சண்டை போடுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்திருந்தேன். சண்டை போட்டால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"வெளிம்புக்கு எத்தன பாகை வச்சிருக்க?" என்றாள்.

சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பழைய ஃபைலுட்டி" என்றாள். "அதிக ஆற்றலுக்குன்னு முன்னாடி சலிச்சு வச்சது. அதுக்கு அந்த வரம்பு சரி. கீழ எறங்கும்போது புதுசா சலிக்கணும்னு தெரியும். மூணு மட்டம் போட்டேன், மூணு மட்டமும் கரண்டு போச்சு. இப்போதைக்கு இத வச்சிப் பாப்போம், பொறவு மாத்திக்கிடலாம்னு ஓட்டுனேன். சரிவு வந்துட்டு. வந்ததும் சந்தோசத்துல..."

எங்கள் தொழிலில் இப்போதைக்கு என்று ஓட்டாதவர்கள் யாரும் இல்லை. நானே எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். ஒரு தடவையும் எனக்கு எதுவும் அழகாக வந்ததில்லை, அதனால் மாட்டிக்கொண்டதும் இல்லை. அதை அவளிடம் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

உம்மா படியேறி வந்தாள். "முடிஞ்சிட்டா?" என்றாள்.

"முடிஞ்சிட்டும்மா" என்றாள் இவள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி உம்மா கீழே போய் இரண்டு தட்டில் வட்டிலாப்பம் கொண்டுவந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் முன்னாலேயே முழுசாகத் தின்றோம். இன்னும் கொஞ்சம் வைத்தாள், அதையும் தின்றோம். சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை.

அதன்பிறகு அவள் புதிதாகச் சலித்தாள். என் கம்ப்யூட்டரிலும் அவளுடையதிலும் பாதிப் பாதியாகப் போட்டு, கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் ஓட்டினோம். இப்போது பேசத் தடையில்லை, ஆனால் பேச ஒன்றும் இல்லை. முடிவு என் படம் மாதிரியேதான் வந்தது. சரிவு இல்லை. இல்லை என்றால் எலெக்ட்ரான்தான் என்றாவது ஆகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. பிழைக்கோடுகள் அவ்வளவு நீளம். புரோட்டான் என்றும் சொல்லலாம், எலெக்ட்ரான் என்றும் சொல்லலாம், பேசாமலும் இருக்கலாம். இன்னும் பத்து வருஷத் தரவு சேர்ந்தாலும் அந்த மங்கல் மாறப்போவதில்லை. அந்த ஆற்றலைத் தெளிவாகப் பார்க்கக்கூடிய கருவி எப்போது மேலே போகும் என்று யாருக்கும் தெரியாது. அது போகும்போது நாங்கள் ரிட்டயர் ஆகியிருப்போம், ரிட்டயர் ஆவதற்கு ஒரு வேலை இருந்தால்.

கட்டுரையை அவள் நிறுத்தினாள். கூடப் பெயர் போட்டிருந்தவர்கள் இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்தார்கள். நேர்காணலுக்குப் போகத்தான் செய்தாள். ஸ்டேஷனுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். அங்கே அவள் நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறாள்: இப்படி ஒரு சரிவைப் பார்த்தோம், அது பூமியின் விளிம்பால் வந்தது, எடுத்துவிட்டோம். "அப்படியானால் உங்கள் முடிவு என்ன?" என்று குழுவில் ஒருத்தர் கேட்டாராம். முடிவு இல்லை என்றாளாம். அவர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள், டீ கொடுத்தார்கள், ஒருத்தர் அவள் நேர்மையைப் பாராட்டக்கூடச் செய்தார். வேலை வேறு ஒருத்தருக்குப் போனது. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை, அவருக்கு முடிவு இருந்தது.

திரும்பி வந்தபின் கொஞ்ச நாள் அவளைப் பார்க்கவே முடியவில்லை. நானும் போகவில்லை. போனால் என்ன பேசுவது. சீசன் உச்சத்தில் இருந்தது, ஐந்தருவி பக்கமெல்லாம் வண்டி நிறுத்த இடமில்லை என்று சென்டரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை நினைத்தாலே எரிச்சலாக வந்தது.

பிறகு ஒரு நாள் சென்டரை நடத்துகிற அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "ஒங்க கூட்டாளி ஒருத்தவ வந்து வேல கேட்டுட்டுப் போனாவ. நல்லதாப் போச்சு. ரெண்டு டாக்டர் இருக்காவன்னு போர்டுல போட்டுருவோம்" என்றார். அவருக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. பிள்ளைகளிடம் கத்தாத ஆளாக இருந்தால் போதும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, தும்முகிற மாதிரி சமாளித்தேன். இந்த ஊரில் எங்கே வேண்டுமானாலும் அவளைப் பார்க்கத் தயாராக இருந்தேன், இந்த ஸ்டாஃப் ரூமில் மட்டும் அவளைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன்.

இப்போது என் நாற்காலிக்கு எதிர் நாற்காலி அவளுடையது. நன்றாகத்தான் எடுக்கிறாள், என்னைவிடப் பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்கும். மாதிரித் தேர்வு வினாக்களை இரண்டு பேரும் சேர்ந்து தயாரிக்கிறோம். ஒருத்தி போட்ட விடையை இன்னொருத்தி சரிபார்க்கிறோம், எப்போதும் பொருந்துகிறது. அந்த எச்சத்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அவள் உம்மா மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், அது எப்ப வெளிவரும் என்று கேட்பாள். வரும் என்பேன்.

போன வாரம் மத்தியானம், வெளியே நல்ல வெயில், மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலேயே, "நா ஒண்ணு கேக்கேன், உள்ளதச் சொல்லு" என்றாள்.

"கேளு."

"நீ பாக்காம இருந்திருந்தா, வேற யாராது பாத்திருப்பாவளா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். ரொம்ப நாளாகவே பதில் தயாராக வைத்திருந்தேன்.

"பாத்திருப்பாவ" என்றேன். "என்னைக்காது ஒரு நாள் பாத்திருப்பாவ."

"யாரு?"

நான் யோசித்தேன். அந்தத் துறையில் எனக்குத் தெரிந்த ஒவ்வொரு பெயராக நினைத்துப் பார்த்தேன். எல்லாருக்கும் வேறு வேறு எச்சம் இருந்தது, பளிச்சென்று, பக்கத்தில் தொந்தரவு இல்லாமல். அவளுடையதை உலகத்தில் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நாங்கள் இரண்டு பேர் பார்த்தோம், இப்போது நாங்களும் பார்ப்பதில்லை. ஐந்து வருஷம் கழித்து அவளே கண்டுபிடிப்பாள் என்று அன்றைக்கு நினைத்தேனே, அதற்கும் அவள் திரும்பி அந்த ஃபைலைத் திறந்திருக்க வேண்டும். இரண்டு படமும் பொருந்தியிருந்தால் அவள் ஏன் திறக்கப்போகிறாள், சரிபார்த்தாகிவிட்டதே.

அவள் ஒரு தடவை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. அடுத்த தாளை எடுத்துத் திருத்தினாள், அதற்கு அடுத்ததையும் திருத்தினாள்.

"ஒருத்தரும் இல்லல்லா" என்றாள். மணி அடித்ததும் விடைத்தாளை அடுக்கி வைத்துவிட்டு, சாக்பீஸ் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.